அருகிலிருக்கும் தலங்களும் வணிகர் வாக்கும்

வணிகனுக்கு விடுமுறை என்பது ஏட்டுச் சுரைக்காய்தான். ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும்போது நாம் கல்லாவில் உட்கார்ந்திருப்போம். பொங்கலுக்கு முதல் நாள் இரவு வரை வெல்லமும் பச்சரிசியும் நிறுத்துக்கொண்டிருப்போம். மே 5 வணிகர் தினத்தன்று கடையைப் பூட்டினாலும் நேரே மாநாட்டுப் பந்தலுக்குப் போய்விடுவோம். "காசிக்குப் போக வேண்டும், ராமேஸ்வரம் போக வேண்டும்" என்று வீட்டில் சொல்லும்போதெல்லாம் "சீசன் முடியட்டும்" என்று பதில் சொல்லியே நம்மில் பலருக்குத் தலை நரைத்துவிட்டது.

அப்படிப்பட்ட நம்மவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். காசி அங்கேயே இருக்கட்டும். இரண்டு நாள் கடையைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்தால் போதும். கும்மிடிப்பூண்டியில் புறப்பட்டுத் திருத்தணி மலை வரை சென்று திரும்பிவிடலாம். 1997-ஆம் ஆண்டு தனி மாவட்டமாகப் பிரிந்த நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே திவ்ய தேசமும் உண்டு, படைவீடும் உண்டு, நடராஜரின் சபையும் உண்டு, ஏரியும் கடலும் உண்டு.

மொத்த வியாபாரிகள் ஐந்து பேர், குடும்பத்தோடு ஒரு வேன் அமர்த்திக்கொண்டு இந்த வழியைச் சுற்றி வந்தோம். வெல்லம், கற்பூரம், எண்ணெய் என்று பல வருடங்களாக இந்த ஊர்களுக்கு லோடு அனுப்புகிறவர்கள்தாம் நாங்கள். ஆனாலும் சரக்கு இறக்கப் போவது வேறு, சாமி கும்பிடப் போவது வேறு. நின்று நிதானமாகத் தலவரலாறுகளைக் கேட்டபோது ஒன்று தெரிந்தது. இந்தப் பக்கத்துத் தலங்கள் பலவற்றின் கதையில் ஒரு வணிகர் வருகிறார். அல்லது கொடுத்த வாக்கு ஒன்று வருகிறது. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிறுவாபுரி: சொந்த வீட்டு வேண்டுதல்

செவ்வாய்க்கிழமை காலை கும்மிடிப்பூண்டியிலிருந்து புறப்பட்டோம். கொல்கத்தா நெடுஞ்சாலையில் சென்னை நோக்கி வந்து உள்ளே திரும்பினால் சின்னம்பேடு என்னும் சிறுவாபுரி. பாலசுப்பிரமணியர் கோயில். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து வந்து வேண்டிக்கொண்டால் சொந்த வீடு அமையும் என்பது மக்களின் நம்பிக்கை. சிறு கற்களை வீடு போல அடுக்கி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

செவ்வாய் என்றால் கூட்டத்துக்குக் கேட்க வேண்டாம். சிப்காட் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் கண் சிவந்தபடி நேரே வரும் தொழிலாளர்களைப் பார்த்தோம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் அவர்கள். கையில் ஒரு மாலை, ஒரு நெய் விளக்கு. இவர்கள் ஒரு நாள் பார்த்துவிட்டுப் போகும் சுற்றுலாப் பயணிகள் அல்லர். ஆறு வாரம் அதே தெருவுக்கு வர வேண்டியவர்கள். ஒரே வாடிக்கையாளர் ஆறு முறை வருகிறார் என்றால் வியாபாரிக்கு அதைவிட என்ன வேண்டும்? முதல் வாரமே அவரைக் கசக்கிவிட்டால் மீதி ஐந்து வாரமும் வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் கொண்டுவந்துவிடுவார்.

பெரியபாளையம்: வளையல் வியாபாரியின் அம்மன்

அங்கிருந்து பெரியபாளையம். ஆரணி ஆற்றங்கரையில் பவானி அம்மன். ஆடி பிறந்துவிட்டால் வாரக்கணக்கில் ஞாயிற்றுக்கிழமைதோறும் திருவிழா. வேப்பிலை ஆடை உடுத்தி வலம் வருவதும், பொங்கல் வைப்பதும், கூழ் வார்ப்பதும் இங்கே விசேஷம். ஒரு காலத்தில் சென்னையிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து ஆற்று மணலில் தங்கினார்கள். மஞ்சள், குங்குமம், எலுமிச்சை, கேழ்வரகு, மண்பானை, விறகு என்று எத்தனை தொழில் இந்த ஒரு அம்மனை நம்பிப் பிழைக்கிறது என்பதை மொத்த வியாபாரி அறிவான்.

இந்தத் தலத்தின் கதையே ஒரு வளையல் வியாபாரியிடமிருந்துதான் தொடங்குகிறது. ஆந்திர நாட்டிலிருந்து வளையல் விற்க வந்தவர் இங்கே வேப்ப மரத்தடியில் களைப்பாறினாராம். கண் விழித்துப் பார்த்தால் வளையல் மூட்டை புற்றுக்குள் போயிருந்தது. அந்தப் புற்றிலிருந்துதான் அம்மன் வெளிப்பட்டாள் என்று சொல்கிறார்கள். சரக்கைத் தொலைத்த வியாபாரிக்குச் சாமி கிடைத்த கதை! இன்றைக்கும் இங்கே வளையல் கடைகளுக்குக் குறைவில்லை. "பிரசாதம் மாதிரி நெனச்சு வாங்குறாங்க முதலாளி, உடைஞ்ச வளையலைக் கட்டிக் கொடுத்தா எனக்குத்தான் பாவம்" என்று ஒரு வயதான அம்மாள் ஒவ்வொரு வளையலையும் தட்டிப் பார்த்துக் கொடுத்தார்.

பூண்டி: வாக்குத் தவறியவருக்கு ஊன்றுகோல்

பெரியபாளையத்திலிருந்து மேற்கே ஊத்துக்கோட்டை. அதை ஒட்டி ஆந்திர எல்லைக்குள் சுருட்டப்பள்ளி. சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் அபூர்வமான கோயில். பிரதோஷத்தன்று போனால் நெரிசல் அதிகம். மற்ற நாளில் நிம்மதியாகத் தரிசிக்கலாம்.

ஊத்துக்கோட்டையிலிருந்து திருவள்ளூர் வரும் வழியில் பூண்டி நீர்த்தேக்கம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை மேயராக இருந்து இதற்காகப் பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி 1943-லேயே காலமாகிவிட்டார். அவர் பெயரால்தான் சத்தியமூர்த்தி சாகர் என்று வழங்குகிறது. 1996 முதல் கிருஷ்ணா நதி நீரும் இங்கே வந்து சேர்கிறது. மாலை வேளையில் கரையில் நின்றால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். பிள்ளைகளை அழைத்துச் சென்றால் அங்குள்ள தொல்பழங்கால அகழ்வைப்பகத்தையும் காட்டுங்கள். அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள்.

நமக்கு முக்கியமானது கரையில் இருக்கும் ஊன்றீஸ்வரர் கோயில். திருவெண்பாக்கம் என்னும் பழைய தலம் நீர்த்தேக்கத்துக்குள் அடங்கிவிட்டதால் கோயிலை இங்கே மாற்றிக் கட்டினார்கள். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்த சுந்தரர், "உன்னைப் பிரிய மாட்டேன்" என்று மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்தார். பிறகு திருவாரூர் வசந்த விழா நினைவு வரவே ஊர் எல்லையைத் தாண்டினார். உடனே இரு கண்களும் பார்வை இழந்தன. தட்டுத் தடுமாறி இந்தத் தலத்துக்கு வந்து முறையிட்டபோது இறைவன் கண்ணைத் தரவில்லை. ஒரு ஊன்றுகோலைத்தான் கொடுத்தார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் பிறகு கிடைத்தன.

இறைவனுக்குத் தோழர் என்று பெயர் பெற்றவருக்கே வாக்குத் தவறியதற்கு இந்தத் தண்டனை! "பத்தாம் தேதி பணம் வந்துவிடும்" என்று சொல்லிவிட்டு போனை எடுக்காமல் இருப்பவர்கள் ஒரு முறை இந்தச் சந்நிதியில் வந்து நிற்பது நல்லது என்று எங்களில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம்.

திருவள்ளூர்: வெல்லம் கரையும் குளம்

இரவு திருவள்ளூரில் தங்கினோம். 108 திவ்ய தேசங்களில் ஒன்றான இத்தலத்தின் பழைய பெயர் திருஎவ்வுள். சாலிஹோத்ர முனிவர் நோன்பிருந்து, படைத்த மாவை முதியவராக வந்த விருந்தாளிக்குக் கொடுத்தார். தமக்கென்று வைத்திருந்ததையும் அவருக்கே கொடுத்துவிட்டார். உண்டவர் "எங்கே படுப்பது? எவ்வுள்?" என்று கேட்டுப் படுத்தார். அவர்தான் பள்ளிகொண்ட வீரராகவப் பெருமாள். முனிவரின் தலையில் கை வைத்த கோலத்தில் இன்றும் காட்சி தருகிறார்.

நோய் தீர்ப்பவர் என்பதால் வைத்திய வீரராகவர் என்றும் பெயர். அமாவாசைக்கு முதல் நாள் இரவே மக்கள் வந்து கோயிலைச் சுற்றித் தங்கிவிடுகிறார்கள். தை அமாவாசைக்குச் சொல்லவே வேண்டாம். ஹிருத்தாபநாசினி குளத்தில் வெல்லம் கரைப்பது வேண்டுதல். வெல்லம் கரைவது போல நோயும் கரைய வேண்டும் என்பது கருத்து. உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள்.

வெல்ல வியாபாரிகளான நாங்கள் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் நின்றோம். அமாவாசைக்கு நாலு நாள் முன்னதாக இந்த ஊருக்கு லோடு வர வேண்டும் என்பது எங்களுக்குக் கணக்கு. குளத்தில் போடத்தானே என்று கல்லும் மண்ணுமான கழிவு வெல்லத்தைத் தள்ளிவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்று ரசாயனம் சேர்த்த வெல்லமும் வருகிறது. வாங்குகிறவர் வீட்டில் ஒரு நோயாளி இருக்கிறார். அவர் பெயரைச் சொல்லித்தான் இந்த வெல்லத்தைக் கையில் எடுக்கிறார். வாயில் போட்டுப் பார்க்க மாட்டார் என்பதற்காக மட்டமான சரக்கைக் கட்டுவது நியாயமா? போதாக்குறைக்குப் பிளாஸ்டிக் உறையோடு கொடுத்தால் அதுவும் குளத்தோடுதான் போகும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது என்பதையும் நினைவூட்டுகிறோம். தொன்னை இருக்கிறது, காகிதப் பொட்டலம் இருக்கிறது.

திருவாலங்காடு: இரண்டு மாம்பழமும் எழுபது உயிரும்

மறுநாள் காலை திருவாலங்காடு. சென்னை – அரக்கோணம் ரயில் பாதையில் நிலையம் உண்டு. கோயில் அங்கிருந்து சில கிலோமீட்டர். நடராஜரின் ஐந்து சபைகளில் இது ரத்தின சபை. காளியோடு போட்டியிட்டு இறைவன் காலை உயரத் தூக்கி ஆடிய ஊர்த்துவ தாண்டவத் தலம். ராஜேந்திர சோழனின் புகழ்பெற்ற செப்பேடுகள் 31 ஏடுகளாக 1905-இல் கிடைத்தது இவ்வூர்ப் பெயரைத்தான் பெற்றிருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவாலங்காட்டு நடராஜர் சிலையின் புகைப்படங்களைப் பார்த்து பிரான்ஸ் நாட்டுச் சிற்பி ரோதான் வியந்து எழுதியிருக்கிறார்.

இத்தலத்துக்கு வணிகர்கள் கட்டாயம் வர வேண்டும். காரணம், இங்கே இறைவனின் திருவடிக் கீழ் இருக்கும் காரைக்கால் அம்மையார் நம் குலத்துப் பெண். காரைக்கால் வணிகர் தலைவர் தனதத்தனின் மகள் புனிதவதி. கணவர் பரமதத்தனும் வணிகர். கடையிலிருந்து இரண்டு மாம்பழம் அனுப்பினார். ஒன்றை அம்மையார் பசித்து வந்த அடியாருக்குக் கொடுத்துவிட்டார். கணவர் ஒன்றைத் தின்றுவிட்டு இன்னொன்றையும் கேட்டார். வியாபாரி அல்லவா! உள்ளே வந்தது இரண்டு, இருப்பும் இரண்டு இருக்க வேண்டும். இறையருளால் ஒரு பழம் கிடைத்தது. அதன் சுவை வேறாக இருக்கவே, எங்கிருந்து வந்தது என்று கேட்டார். அம்மையார் மறைக்கவில்லை, நடந்ததைச் சொன்னார். பயந்துபோன பரமதத்தன் வியாபாரம் என்று சொல்லிக் கப்பலேறியவர் திரும்பவே இல்லை. பாண்டிய நாட்டில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தார். பின்னர் அம்மையார் பேய் வடிவம் வேண்டிப் பெற்று, தலையால் நடந்து கயிலை சென்று, இறைவனால் "அம்மையே" என்று அழைக்கப்பட்டு, இங்கே அவர் ஆடலைக் காணும் பேறு பெற்றார் என்பது பெரியபுராணம்.

பக்கத்திலேயே பழையனூர். "நீலிக்கண்ணீர்" என்று அடிக்கடி சொல்கிறோமே, அந்த நீலியின் ஊர். காஞ்சிபுரத்து வணிகன் ஒருவன் இவ்வழியே வந்தான். முற்பிறவிப் பகை தீர்க்க வந்த பேய், நீலி என்னும் பெண்ணாக, கையில் குழந்தையோடு "இவர் என் கணவர்" என்று அழுதது. ஊர்ச் சபையில் இருந்த எழுபது வேளாளர்கள் அந்தக் கண்ணீரை நம்பினார்கள். வணிகனிடம் இருந்த வாளையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். "என்னை இவளோடு விடாதீர்கள்" என்று அவன் கெஞ்சியபோது, "உன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்" என்று வாக்களித்தார்கள். காலையில் வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபது பேரும் தீ வளர்த்து அதில் இறங்கினார்கள். ஞானசம்பந்தர் தேவாரத்திலேயே இதற்குக் குறிப்பு உண்டு. தீப்பாய்ந்த மண்டபத்தை ஊரார் இன்றும் காட்டுகிறார்கள்.

செத்தவன் அவர்களுக்கு உறவும் அல்ல, ஊர்க்காரனும் அல்ல. வழியோடு போன ஒரு வியாபாரி. அவனுக்குக் கொடுத்த ஜாமீனுக்காக எழுபது குடும்பம் அழிந்தது. அக்காலத்தில் வணிகன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போக முடிந்தது இப்படிப்பட்ட ஊர்களை நம்பித்தான். அந்த மண்டபத்தின் முன் எங்கள் பெண்மக்கள் கண்கலங்கி நின்றார்கள். நாங்களும் சிறிது நேரம் பேசவில்லை.

திருத்தணி: நாளுக்கு ஒரு படி

பகலில் திருத்தணி. பெரும்பாலான கோயில்களில் 12 மணிக்கு மேல் நடை சாத்தி மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு புறப்பட வேண்டும். முருகனின் படைவீடுகளில் ஐந்தாவது. சூரனை அழித்த சினம் தணிந்த இடம் என்பதால் இங்கே சூரசம்ஹாரம் நடப்பதில்லை. நாளுக்கு ஒன்றாக 365 படிகள். டிசம்பர் 31 இரவு படிதோறும் பூஜை செய்து ஏறும் திருப்படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தவர் வள்ளிமலை சுவாமிகள். ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் மலையையே மறைத்துவிடும். அந்த நாட்களில் பூ வியாபாரிகள் தூங்குவதில்லை. எல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த ஊர் இது. அதற்காக உழைத்த ம.பொ.சி., மங்கலங்கிழார் ஆகியோரை நினைத்துக்கொண்டே படியேறினோம்.

பழவேற்காடு: வியாபாரத்தால் வாழ்ந்து தேய்ந்த ஊர்

பழவேற்காட்டுக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போனோம். பொன்னேரியிலிருந்து கிழக்கே போக வேண்டும். குளிர்காலத்தில் போனால் ஏரியில் பூநாரைகளைக் காணலாம். பெண்கள் பின்னும் பனையோலைக் கூடைகள் அழகாக இருக்கின்றன; பேரம் பேசாமல் வாங்குங்கள். படகுச் சவாரி மட்டும் வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. யார் வந்து ஆசை காட்டினாலும் ஏறாதீர்கள்.

கோயில் ஊர்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்தால் வேறு ஒரு பாடம் கிடைக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரம் முழுவதையும் இங்கிருந்து நடத்தினார்கள். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்துக் கட்டம் போட்ட துணிகளை நெய்து வாங்கி, கிழக்குத் தீவுகளுக்கு அனுப்பி, ஜாதிக்காயும் கிராம்பும் ஏற்றி வந்தார்கள். இவ்வூரின் பெயராலேயே அந்தத் துணி பல நாடுகளில் அழைக்கப்பட்டது. அதே துறையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகவும் ஏற்றி விற்றார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. சென்னைத் துறை வளர்ந்தது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முடிவாக வந்தது. இன்று மிச்சமிருப்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம். வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம் நின்றுகொண்டிருக்கிறது.

லாபம் இருந்தவரை கப்பல் வந்தது. லாபம் குறைந்ததும் நின்றது. திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் இன்னும் கூட்டம் வருகிறது. அப்பன் வந்தான், மகன் வந்தான், பேரன் வருகிறான். அந்தக் கூட்டத்தைத் தெய்வம் அழைத்து வருகிறது. திரும்பவும் வர வைப்பதில் கடைக்காரனுக்கும் பங்கு உண்டு.

கடைத்தெருவில் கண்டது

இனிக் கொஞ்சம் கசப்பானதையும் சொல்ல வேண்டும். ஊர் பெயர் வேண்டாம். கூட்ட நாள் ஒன்றில் ஒரு தலத்தில் அர்ச்சனைத் தட்டு வாங்கினோம். விலைப் பலகை இல்லை. காலையில் ஒரு விலை, கூட்டம் ஏறியதும் வேறு விலை. தேங்காய் அழுகல். "செருப்பு விட்ட இடத்தில்தான் தட்டு வாங்க வேண்டும்" என்று கட்டாயம். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பத் தலைவர் மனைவியிடம் சொன்னார்: "அடுத்த தடவை தேங்காய், பூ, கற்பூரம் எல்லாம் வீட்டிலேயே வாங்கிட்டு வந்துடலாம்." அந்தக் கடைக்காரர் அன்று கூடுதலாகச் சம்பாதித்திருக்கலாம். அந்தக் குடும்பத்தின் வியாபாரத்தை அந்தத் தெருவே இழந்துவிட்டது. அவர் நாலு பேரிடம் சொல்லாமலும் இருக்க மாட்டார். இப்போது காரில் வந்து காரிலேயே திரும்புகிறவர்கள் அதிகம். பை நிறையப் பொருளோடு வந்து, ஒரு காப்பி கூடக் குடிக்காமல் போகிறவர்களைக் கண்கூடாகப் பார்த்தோம்.

அதே பயணத்தில் வேறு ஒரு கடையில் சிலேட்டுப் பலகையில் சாக்பீஸால் விலை எழுதி வைத்திருந்தார்கள். தேங்காய் அழுகினால் மாற்றிக் கொடுத்தார்கள். அங்கே மட்டும் வரிசை நின்றது.

நாம் செய்யக்கூடியவை

சங்கத்தின் கிளைகள் கீழ்க்கண்டவற்றை எடுத்துப் பேசினால் நல்லது என்று கருதுகிறோம்.

1. கோயில் வாசல் கடைகளில் விலைப் பலகை வைக்க வேண்டும். அமாவாசை, கிருத்திகை, ஆடி ஞாயிறு எதுவானாலும் அதே விலை.

2. பொட்டலப் பொருள்களை அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது சட்டப்படியே குற்றம். தண்ணீர் பாட்டிலுக்கும் இது பொருந்தும்.

3. மொத்த வியாபாரிகளாகிய நாமும் பொறுப்பேற்க வேண்டும். திருவிழா நெருங்கும்போது சரக்கைப் பதுக்கி விலை ஏற்றினால், சில்லறைக்காரர் பக்தர் தலையில்தான் வைப்பார். தரம் குறைந்த கற்பூரம், வெல்லம், விளக்கெண்ணெய் ஆகியவற்றைக் 'கோயில் சரக்கு' என்று தனியாக அனுப்பும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும்.

4. குளத்தையும் ஆற்றையும் சுத்தமாக வைத்திருக்கக் கடைக்காரர்களே முறை வைத்து ஆள் போடலாம். குளம் நாறினால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் கடை ஏது?

5. ஒவ்வொரு கிளையும் வருடத்துக்கு ஒரு முறையாவது உறுப்பினர்களைக் குடும்பத்தோடு இந்தத் தலங்களுக்கு அழைத்துச் செல்லலாம். ஆடி, தை மாதங்களைத் தவிர்த்து, நம் சீசனுக்கு இடையூறு இல்லாத இரண்டு நாளைத் தேர்ந்தெடுத்தால் செலவும் குறைவு, தரிசனமும் நிதானமாகக் கிடைக்கும்.

சுற்றிப் பார்க்க விரும்பும் கிளைகள் வழி, நேரம், தங்குமிடம் பற்றி எங்களைக் கேட்டால் தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கிறோம். வெல்லம் வாங்கத்தான் கடைக்கு வர வேண்டும் என்பதில்லை. வழி கேட்கவும் வரலாம்.